சமூகப்பணி முதலாண்டு மாணவர்களுக்கு: பார்ப்பது, கேட்பது, எழுதுவது, பிறகு செய்வது

முதுகலைச் சமூகப்பணி வகுப்பில் சேருபவர்களில் பெரும்பாலோர் மக்களுக்கு உதவ வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் வருகிறார்கள். அந்த விருப்பம் இல்லாதவருக்கு இந்தப் படிப்பில் இரண்டு ஆண்டுகளைத் தள்ளுவது கடினம். ஆனால் முதல் பருவத்தில் அதே விருப்பம் பல நேரங்களில் குறுக்கே நிற்கும். உதவத் துடிக்கும் மாணவர், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் தீர்வைச் சொல்லிவிடுவார். ஆகவே முதலில் பார்க்கவும், பிறகு கேட்கவும், கேட்டதை எழுதவும், அதன் பின்னரே எதையேனும் செய்யவும் பழக வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டு, வாரத்தில் சில நாள்கள் ஃபீல்டு ஒர்க், அதாவது களப்பணி, செல்லும் மாணவரை மனத்தில் வைத்து அந்த வரிசையிலேயே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

வரலாற்றுப் பாடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது

முதல் தாளில் வரும் வரலாற்றை வெறும் ஆண்டுகளாக மனப்பாடம் செய்தால் தேர்வோடு அது மறந்துவிடும். அதற்குள் ஓடும் ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டால் களத்தில் கடைசிவரை பயன்படும். 1869-இல் லண்டனில் தோன்றிய அறக்கொடை அமைப்புச் சங்கம், உதவி கேட்டு வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டுக்கே சென்று விசாரித்து, அதன் நிலைக்கேற்ப உதவும் வழக்கத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் இதே இயக்கத்தில் பணியாற்றிய மேரி ரிச்மண்ட், அந்த விசாரணையைக் கற்றுத்தரக்கூடிய ஒரு முறையாக வகுத்து 1917-இல் நூலாக எழுதினார். நாம் கேஸ் ஒர்க் என்று சொல்லும் தனிநபர் சமூகப்பணியின் வேர் அங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம், 1889-இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கி, புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் வாழும் பகுதியிலேயே குடியேறினார்கள். அங்கே வாழ்ந்து பார்த்தபோது, குடும்பங்களின் குணத்தைவிடக் குவிந்து கிடந்த குப்பையும் நீண்ட வேலை நேரமும் குழந்தைத் தொழிலுமே அவர்கள் கண்ணில் பட்டன. அவற்றை மாற்றத்தான் போராடினார்கள்.

இந்தக் குடும்பத்திற்கு என்ன நேர்ந்தது என்பது ஒரு கேள்வி. இந்தத் தெருவுக்கே ஏன் இப்படி நேர்கிறது என்பது இன்னொரு கேள்வி. நீங்கள் சந்திக்கப்போகும் ஒவ்வொரு மனிதரிடத்திலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். நம் ஊரில் இதற்கு முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஆதரவற்ற சிறுமிகளுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்திலும் வெளியிலும் வாதாடியவரும் ஒருவரே. அந்தச் சட்டம் 1947-இல்தான் வந்தது. அடைக்கலம் தேடி வந்த சிறுமிக்கு உடனடியாகத் தேவைப்பட்டது கூரை. அவளைப் போன்ற அடுத்த சிறுமி அதே நிலைக்கு வராமலிருக்கத் தேவைப்பட்டது சட்டம்.

இந்தியாவில் இது கல்லூரிப் படிப்பாக வடிவெடுத்தது 1936-இல் மும்பையில் தோராப்ஜி டாட்டாவின் பெயரில் தொடங்கப்பட்ட கல்லூரியில். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று 1952-இல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இந்த அளவு வரலாறு முதல் பருவத்திற்குப் போதுமானது.

நிறுவனத்தைப் பார்க்கச் செல்லும்போது

களப்பணி தொடங்குமுன் துறையினர் உங்களைச் சில நிறுவனங்களுக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே பெரும்பாலும் ஒரு விளக்க உரை, ஒரு தேநீர், ஒரு குழுப் புகைப்படம் ஆகியவற்றோடு நாள் முடிந்துவிடும். அப்படி முடிய விடாதீர்கள். அந்த அமைப்பு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான சங்கமா, அறக்கட்டளையா, இலாப நோக்கற்ற நிறுவனமா என்பதையும், பணம் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் எந்த வேலை முதலில் நிற்கும் என்பதையும் மரியாதையாகக் கேளுங்கள். குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லமாக இருந்தால், இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ்ப் பதிவு உள்ளதா, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை பெற்றுத்தான் ஒவ்வொரு குழந்தையும் சேர்க்கப்படுகிறதா என்று கேட்பது தவறே அல்ல. ஒழுங்காக நடக்கும் இல்லம் கோப்பை எடுத்துக் காட்டும். அலுவலர்களிடம் கேட்டு முடித்த பிறகு, சமையல் செய்பவரிடமும் காவலரிடமும் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். அறிக்கையில் இல்லாத விவரங்கள் அங்கே கிடைக்கும்.

கிராமமோ நகர்ப்புறக் குடியிருப்போ உங்களுக்குக் களமாகத் தரப்பட்டால், முதல் வாரத்திலேயே சிலரைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ஊராட்சிச் செயலர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமை ஆசிரியர், ரேஷன் கடை விற்பனையாளர். இவர்களுள் அங்கன்வாடிப் பணியாளரிடமிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, யார் வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார் என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குச் செல்வது

மாதிரிக்காக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். கணவரை இழந்த, எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டிக்குச் சில மாதங்களாக முதியோர் உதவித்தொகை வரவில்லை. மகன் அடுத்த தெருவில் தனிக்குடித்தனம் இருக்கிறார். மாணவி ஒருவர் அந்த வீட்டுக்கு முதன்முறையாகப் போகிறார்.

வாசலில் நின்று, தான் யார், எந்தக் கல்லூரி, எதற்காக வந்திருக்கிறேன், எவ்வளவு காலம் வருவேன், தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அவர் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். கையில் கல்லூரிக் கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையும் இருந்தால், அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மக்கள் எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த எண்ணத்தை முதல் நாளிலேயே திருத்தாவிட்டால், மூன்றாம் வாரத்தில் ‘பணம் எப்ப வரும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரும். உட்காரச் சொன்னால் அவர்கள் உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். பாய் விரித்தால் பாயில், திண்ணை என்றால் திண்ணையில். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். சாதி இன்னும் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கப்படும் ஊர்களில், எந்த வீட்டில் தண்ணீர் குடித்தீர்கள், எந்த வீட்டில் குடிக்கவில்லை என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது கேட்பது. ‘மகன் உங்களைக் கவனிப்பதில்லையா?’ என்று தொடங்கும் மாணவர், பதிலைத் தாமே வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். பாட்டியும் ஒன்று அழுவார், அல்லது மகனை விட்டுக்கொடுக்காமல் பேச்சை முடித்துவிடுவார். அதைவிட, ‘பணம் கடைசியா எப்ப வந்துச்சு பாட்டி? எங்க போயி வாங்குவீங்க?’ என்று கேட்டால் விவரம் வரத் தொடங்கும்.

‘கார்த்திகையில வந்துச்சு கண்ணு. அப்புறம் மெஷின்ல விரல் விழலன்னு அந்தத் தம்பி திருப்பி அனுப்பிடுச்சு.’

இந்த ஒரு வரியில் ஒரு தடயம் கிடைத்துவிட்டது. வயதானதாலும் உழைத்துத் தேய்ந்ததாலும் கைரேகை பதியாமல் போவது உண்டு. வங்கிக் கணக்கின் விவரங்கள் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். அலுவலர் நேரில் சரிபார்க்க வந்த நாளில் பாட்டி மகள் வீட்டில் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு: கைரேகைக்கு ஆதார் மையம், கணக்குக்கு வங்கிக் கிளை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம். காரணம் தெரியாமலே புதிய மனு எழுதிக் கொடுக்கும் மாணவர், பாட்டியை மேலும் சில மாதம் காத்திருக்க வைப்பார். பாஸ்புக்கை அவர் விரும்பிக் காட்டினால் பாருங்கள்; கடைசிப் பதிவின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சு நின்றுபோகும் இடங்களில் பொறுத்திருக்கப் பழக வேண்டும். மௌனத்தை நிரப்ப வேண்டும் என்ற அவசரம் புதியவர்களுக்கு மிகுதி. பாட்டி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தால், அந்த நேரத்தில் அடுத்த கேள்வி தேவையில்லை.

எழுதுவது: பெரும்பாலோர் தடுமாறும் இடம்

களப்பணிப் பதிவேட்டை மாணவர்கள் தண்டனையாகவே பார்க்கிறார்கள். நான்கு வாரப் பதிவுகளை ஒரே இரவில் எழுதி முடிப்பது விடுதிகளில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. இந்தப் படிப்பில் வேறு எதைக் குறைத்துக்கொண்டாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பேன், ஏனெனில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதைக் கற்பனை செய்தீர்கள் என்பது எழுதும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

அந்த மாணவி முதலில் இப்படி எழுதுவார்: ‘முதியவர் மிகுந்த வறுமையில் வாடுகிறார். மகன் பொறுப்பற்றவர். அவருக்கு ஆறுதல் கூறி, அரசுத் திட்டங்கள் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்.’ இதில் ஒரு செய்திகூட இல்லை. வறுமை என்பதை எதைக் கொண்டு முடிவு செய்தார், மகன் பொறுப்பற்றவர் என்பது யார் சொன்னது, ஏற்படுத்தியதாகச் சொல்லும் விழிப்புணர்வு என்ன என்று கேட்டால் பதில் வராது.

அதையே இப்படி எழுதலாம்: ‘பிற்பகல் 3 மணிக்குச் சென்றேன். பாட்டி திண்ணையில் படுத்திருந்தார். அடுப்பில் காலையில் வடித்த சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது. ரேஷன் அரிசி இருப்பதாகவும், மருந்து வாங்கத்தான் பணம் இல்லை என்றும் கூறினார். பேசிக்கொண்டிருந்தபோது பேத்தி ஒரு தூக்கில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மகனைப் பற்றிக் கேட்டதற்கு, “அவனுக்கும் மூணு புள்ள” என்று மட்டும் சொன்னார். உறவு முற்றாக அறுந்துபோகவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த சந்திப்பில் இதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.’ குழம்புத் தூக்கு ஒன்று வந்து, மகன் பொறுப்பற்றவர் என்ற முடிவை அசைத்துவிட்டது பாருங்கள்.

கண்ணால் கண்டது, அவர் வாயால் சொன்னது, நான் ஊகிப்பது ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுதுவதே பதிவின் முதல் விதி. தேதி, நேரம், சென்ற நோக்கம், நடந்தது, என் மதிப்பீடு, அடுத்துச் செய்ய வேண்டியது என்ற வரிசையைக் கல்லூரிகள் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. அன்றைய இரவே எழுதிவிடுங்கள்; மறுநாள் அவருடைய சொற்கள் மறந்து, உங்கள் சொற்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். உண்மைப் பெயரை எழுதாமல் வேறு பெயரோ குறியீடோ பயன்படுத்துங்கள். மூன்று தலைமுறைகளைக் காட்டும் குடும்ப வரைபடத்தையும், அந்தக் குடும்பம் வெளியில் யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறது என்பதைக் காட்டும் சூழல் வரைபடத்தையும் ஒரு பக்கத்தில் வரைந்து வைத்தால், எந்தத் தொடர்பு தேய்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

தனி ஆளா, குழுவா, தெருவா

பாடத்தில் தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் என்று மூன்று முதன்மை முறைகளும், சமூகநல நிர்வாகம், சமூகப்பணி ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு என்று மூன்று துணை முறைகளும் தனித்தனி அலகுகளாக வரும். களத்தில் அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை. பாட்டியின் விரல் மட்டும் இயந்திரத்தில் விழவில்லை என்றால் அது ஒருவருக்கான வேலை. அதே தெருவில் இன்னும் சிலருக்கும் அதே சிக்கல் இருந்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியே வங்கிக்கு அழைத்துப் போவது உழைப்பாகத் தெரியுமே தவிர, சரியான முறை ஆகாது. அவர்களை ஓரிடத்தில் கூட்டி, யாருக்கு எந்த மாதம் நின்றது என்று பட்டியலிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவர்களே மனுக் கொடுக்கச் செய்யலாம். கிராம சபையில் எழுப்பலாம். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சபையில் எழுந்து பேச வேண்டியவர் பாட்டி. மாணவர் எழுதிக்கொடுத்துப் பக்கத்தில் நிற்கலாம். மைக்கைத் தாமே வாங்கிக்கொள்ளக் கூடாது.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கு மாணவர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. கோயில் மண்டபம் நிழலாகவும் வசதியாகவும் இருக்கும். ஆனால் காலனியிலிருந்து யாரும் அங்கே வந்து உட்கார முடியாத ஊராக இருந்தால், நீங்கள் கூட்டம் போடுமுன்பே பாதிப் பேரை வெளியேற்றிவிட்டீர்கள். பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ பாதுகாப்பான தேர்வு. ஊர் வரைபடத்தை மக்களைக் கொண்டு தரையில் வரையச் செய்யும்போதும், கோலப்பொடியைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கவனியுங்கள். ஆண்கள் வரைந்தால் சாலையும் டீக்கடையும் பெரிதாக வரும். பெண்கள் வரைந்தால் குழாயும் கழிப்பிடம் போகும் வழியும் வரும். இருவரையும் தனித்தனியே வரையச் சொல்லி ஒப்பிட்டால், ஓர் அறிக்கைக்குரிய விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

குழுப்பணிக்கு ஊரில் ஏற்கெனவே இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவை எடுத்துக்கொண்டு நான்கு விளையாட்டு நடத்திப் பதிவேட்டை நிரப்பும் வழக்கம் உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அந்தக் குழுக்களுக்குத் தமக்கென்று சேமிப்பும் கடனும் கணக்கும் இருக்கின்றன. உங்கள் தேவைக்காக அவர்கள் கூட வேண்டியதில்லை. ஒரு பொதுத் தேவை உள்ளவர்களை, ஏழெட்டுப் பேராக, குறித்த நோக்கத்திற்காகச் சேர்ப்பதே மாணவருக்கு நல்ல பயிற்சி.

நெறிகளில் இரண்டு

சமூகப்பணியாளருக்கும் உதவி பெறுபவருக்கும் இடையிலான உறவுக்கு ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கோட்பாடுகளைத் தேர்வில் எல்லோரும் எழுதிவிடுவார்கள். அவற்றில் இரண்டு களத்தில் உங்களைச் சோதிக்கும்.

முதலாவது, தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன்படி, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து மகனிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற வழி உண்டு. இதைப் படித்த மாணவருக்கு உடனே மனு எழுதக் கை துறுதுறுக்கும். பாட்டி வேண்டாம் என்கிறார். சட்டம் இருப்பதையும், மனுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும், முதியோர் உதவி எண் 14567 என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் பருவ முடிவில் போய்விடுவீர்கள். அதே தெருவில் அந்த மகனோடு வாழப்போகிறவர் அவர்.

இரண்டாவது, இரகசியம் காத்தல். இதற்கு எல்லை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குழந்தை, ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா’ என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மாணவருக்கும் இதில் விலக்கு இல்லை. ‘உன்னைப் பத்திரமா வெச்சுக்க எனக்குச் சிலர்கிட்டச் சொல்ல வேண்டியிருக்கும், யார்கிட்டச் சொல்றேன்னு உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்பதே நேர்மையான பதில். குழந்தையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காமல், அது சொன்ன சொற்களை அப்படியே எழுதி, நிறுவன மேற்பார்வையாளரிடமும் கல்லூரி மேற்பார்வையாளரிடமும் அன்றே தெரிவித்து, புகார் பதிவாவதை உறுதிசெய்ய வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416. இவை பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

பணம் கொடுக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கேட்பார்கள். சொந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் உறவின் தன்மையே மாறிவிடும். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியாதபோது பகையும் வரும். அவசரமானால் நிறுவனத்தின் வழியாக ஏற்பாடு செய்யுங்கள். மயங்கிக் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றும்போது இந்த விதியை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதற்கு எந்தச் சூழலிலும் இடமில்லை.

மேற்பார்வையும் விடைபெறுதலும்

வாரந்தோறும் மேற்பார்வை ஆசிரியரோடு நடக்கும் தனிக் கலந்துரையாடலுக்கு, அதாவது ஐசிக்கு, கையெழுத்து வாங்கும் சடங்காகப் போகாதீர்கள். ஒரே ஒரு கேள்வியையாவது எழுதி எடுத்துப் போங்கள். ‘அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை’ என்பதும் நல்ல கேள்விதான். குடிப்பவரைப் பார்த்தால் வரும் எரிச்சல், தன் அம்மாவைப் போன்ற ஒருவரைப் பார்த்தால் வரும் கண்ணீர் இவையெல்லாம் பேசித் தெளிய வேண்டியவை. அந்த அறையில் பேசாவிட்டால் அவை களத்தில் வேறு உருவில் வெளிப்படும்.

பருவம் முடியும் தேதியை முதல் சந்திப்பில் சொல்லியிருப்பீர்கள். முடிவுக்கு ஒரு மாதம் முன்பு மீண்டும் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் புதிய சிக்கல் எதையும் கையில் எடுக்காதீர்கள். பாட்டியின் உதவித்தொகை இன்னும் வரவில்லை என்றால், மனுவின் ஒப்புகைச் சீட்டு எங்கே இருக்கிறது, அடுத்து எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடமும் பேத்தியிடமும் சொல்லி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே களத்திற்கு வரப்போகும் மாணவருக்கும் ஒரு குறிப்பு எழுதி, நிறுவன மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்: எந்தெந்த வீடுகளில் வேலை பாதியில் நிற்கிறது, யாரிடம் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்த நேரத்தில் போனால் யார் வீட்டில் இருப்பார்கள் என்ற மூன்று விவரங்கள் இரண்டு பக்கத்திற்குள் அதில் இருந்தால் போதும்.